மலைப்பாதையிலிருந்து வந்த அழைப்பு

வீட்டுக்கு ஆட்கள் வருகிறார்கள் என்றால் கலாவதி முதலில் குளிர்சாதனப் பெட்டியைத்தான் திறப்பாள். கதவின் மேல்தட்டில், வெண்ணெய் வைக்கும் இடத்தில், மகளின் இன்சுலின் பெட்டிகள் இருக்கும். அவற்றை எடுத்து ஒரு பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் போட்டு, மேலே கறிவேப்பிலைப் பையை வைத்து, மரக்கறித் தட்டின் அடியில் தள்ளிவிடுவாள். குளியலறை அலுமாரியில் இருக்கும் ஊசி முனைகள் படுக்கையறைக்குப் போகும். கடைசியாகக் குப்பைக்கூடையையும் ஒருமுறை எட்டிப் பார்ப்பாள். அந்தச் சனிக்கிழமையும், ரோல்ஸ் பொரிக்க எண்ணெயை அடுப்பில் வைத்துவிட்டு, அதையெல்லாம் ஒழுங்காகச் செய்து முடித்தாள்.

வரவிருந்தவர்கள் லண்டனின் இன்னொரு மூலையில், செவன் கிங்ஸில் இருக்கும் பத்மநாதனும் அவர் மனைவி மங்கலமும். அவர்களுடைய மகன் பவித்திரனுக்குக் கலாவதியின் மகள் ஹம்சினியைப் பேசியிருந்தார்கள். பிள்ளைகள் படத்தில் மட்டும்தான் பார்த்திருந்தார்கள். முதலில் பெரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கதைப்போம் என்று மங்கலம் விரும்பியதால் மோர்டனில் இருக்கும் இந்த வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. பெண் வீட்டில் இல்லாதது கலாவதிக்கு ஒருவகையில் நிம்மதியாகவே இருந்தது. "மகள் வேலை விஷயமா ஸ்கொட்லாந்துக்குப் போயிட்டா" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள்.

ஹம்சினி ஸ்கொட்லாந்துக்குப் போனது உண்மை. வேலைக்குப் போனாள் என்பதுதான் பொய். பாலங்களின் உறுதியைச் சோதிக்கும் பொறியியலாளரான அவள், விடுமுறை எடுத்துக்கொண்டு எடின்பரோவிலிருந்து இன்வெர்னஸ் வரை மலைகளுக்கு ஊடாகத் தனியாகச் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். மார்ச் மாதக் கடைசி. லண்டனில் செரி மரங்கள் பூத்துவிட்டன. மலைகளில் இன்னும் பனி.

அவளுக்குப் பதினொரு வயதில் நீரிழிவு வந்தது. வயது போனவர்களுக்கு வருவது போன்றதல்ல. உடலில் இன்சுலினே சுரக்காமல் போகும் முதலாம் வகை. தின்ற இனிப்பாலோ வளர்த்த முறையாலோ வருவதில்லை என்று மருத்துவர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் செய்தி கேட்டுப் பார்க்க வந்த முதல் உறவுக்காரி, "சின்னப் பிள்ளைக்குச் சீனி வருத்தமோ? நீ என்ன சாப்பாடு குடுத்தனீ?" என்று கேட்டாள். போகும்போது வாசல் படலையடியில் நின்று, "பொம்பிளைப் பிள்ளை, கலா. இந்தக் கதையை வெளியில விடாதை" என்று காதுக்குள் சொல்லிவிட்டுப் போனாள். கலாவதி வெளியில் விடவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்த வருத்தத்துக்குப் பெயரே இல்லை. கலியாண வீடுகளில் ஹம்சினி மலசலகூடத்துக்குள் நின்று ஊசி போட்டாள். மருத்துவமனையில் கொடுத்த, நோயின் பெயர் பொறித்த கைவளையத்தைக் கலாவதி கழற்றி வைத்துவிட்டுத் தங்கக் காப்பொன்றைப் போட்டுவிட்டாள்.

வளர்ந்த பிறகு, சைக்கிளில் தனியாகப் போகத் தொடங்கியபோது, கைத்தொலைபேசியில் அவசர மருத்துவ விவரம் எழுதும் இடத்தில் ஹம்சினி நோயின் பெயரை எழுதியிருந்தாள். பூட்டிய தொலைபேசியிலும் எவரும் பார்க்கக்கூடிய இடம் அது. கோயிலில் யாரோ ஒரு பெண் அந்தத் தொலைபேசியைத் தூக்கிப் பார்த்ததைக் கண்ட நாளில் கலாவதி மகளை ஓரமாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அதை அழி பிள்ளை. என்ரை நம்பரை மட்டும் போட்டு விடு. ஆரும் கேட்டால் நான் சொல்லுவன்தானே."

ஹம்சினி அழித்தாள். தாயுடன் வாதாடிக் களைத்துப்போன வயது அது.

அன்று மலையில் நடந்ததைக் கலாவதி பிற்பாடு மகளிடமிருந்து துண்டு துண்டாகக் கேட்டறிந்தாள். ஹம்சினி தங்கியிருந்த விடுதியில் காலைச் சாப்பாடு தாராளம். கஞ்சி, பாண், முட்டை எல்லாம் சாப்பிட்டு அதற்கேற்ற அளவு இன்சுலினும் போட்டாள். ஈரமான மேற்சட்டையைக் கழற்றி உலர்ந்ததைப் போடும்போது, கையில் ஒட்டியிருந்த சீனி அளவு காட்டும் கருவி சட்டையோடு கழன்று வந்துவிட்டது. மாற்றுக் கருவி சைக்கிளில் கட்டிய பையின் அடியில் இருந்தது. இரவு இன்னோர் இடத்தில் தங்கும்போது மாற்றலாம், அதுவரைக்கும் விரலில் குத்திப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

லெக்ட் என்று சொல்லப்படும் அந்த மலைப்பாதை செங்குத்தானது. பனிக்காலத்தில் அடிக்கடி மூடிவிடுவார்கள். அன்று திறந்திருந்தது. ஏறத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் மழையும் பனியும் கலந்து பக்கவாட்டில் அடித்தது. சாமான் பைகள் கட்டிய சைக்கிள் காற்றில் பாய்மரம்போல் இழுபட்டது. மிதிக்க முடியாத இடங்களில் இறங்கித் தள்ளினாள். குளிரில் உறையாதபடி இன்சுலினை உடம்போடு ஒட்டி உள்ளே வைத்திருந்தாள். அந்த அளவுக்குக் கவனமானவள். ஆனால் விரலில் குத்தியபோது இரத்தம் வரவில்லை. விரல் நுனிகள் மரத்து வெளிறிப்போயிருந்தன. சொக்லட் கட்டி கல்லாகிவிட்டிருந்தது, கையுறையோடு உறையைக் கிழிக்கவும் முடியவில்லை. உச்சிக்குப் போய்ச் சாப்பிடுவோம் என்று தொடர்ந்து தள்ளினாள். ஏற்றம் காலைச் சாப்பாட்டை எரித்து முடித்தது. போட்ட இன்சுலின் மட்டும் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. உடம்பு நடுங்கியது. குளிர்தான் நடுக்குகிறது என்று நினைத்தாள். அதற்குப் பிறகு நடந்தது அவளுக்கு நினைவில் இல்லை.

மோர்டன் வீட்டில் முன்னறையில் எல்லாரும் இருந்தார்கள். பத்மநாதன் ரோல்ஸ் நன்றாயிருக்கிறது என்று சொல்லி இரண்டாவதை எடுத்தார். கலாவதியின் கணவர் கனகலிங்கம், தான் பக்கத்து ஊரான மிச்சமில் கடை தொடங்கிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மங்கலம் சுவரில் இருந்த ஹம்சினியின் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தபடி, "பிள்ளை நல்ல ஆரோக்கியமா இருக்கிறா" என்றாள்.

"ஓம், அவவுக்கு ஒரு தடிமன் காய்ச்சல்கூட வராது" என்றாள் கலாவதி.

அப்போது அவளுடைய தொலைபேசி அடித்தது. திரையில் மகளின் பெயர். எழுந்து போகவும் இடமில்லை. அந்த வீட்டில் முன்னறை யன்னலடியைத் தவிர வேறெங்கும் ஒழுங்காகச் சிக்னல் வராது. அங்கேயே நின்று எடுத்தாள்.

பேசியது ஓர் ஆண். வயதானவர், ஸ்கொட்லாந்துக்காரரின் ஆங்கிலம். பின்னால் காற்று இரைந்தது.

"நீங்கள் இந்தப் பெண்ணின் அம்மாவா? வீதியோரம் சைக்கிளுக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தார். நானும் மனைவியும் எங்கள் வான் வண்டிக்குள் ஏற்றியிருக்கிறோம். கண் திறக்கிறார், ஆனால் பேச்சுக் குழறுகிறது. கையைப் பிடித்தால் தட்டிவிடுகிறார். அம்புலன்ஸ் வருகிறது, பனியால் நேரமாகும். உங்கள் மகளுக்கு ஏதும் நோய் வருத்தம் இருக்கிறதா என்று அவர்கள் கேட்கிறார்கள்."

கலாவதி நிமிர்ந்து பார்த்தாள். மங்கலத்தின் கண்கள் அவள்மேல் இருந்தன. கனகலிங்கம் கதையை நிறுத்திவிட்டிருந்தார்.

"இல்லை" என்றாள் கலாவதி ஆங்கிலத்தில். "ஒரு வருத்தமும் இல்லை. அவள் நல்ல ஆரோக்கியமான பிள்ளை."

"குடித்திருப்பாரா?"

"ஒருநாளும் இல்லை."

"அப்படியென்றால் குளிர்தான். போர்த்திவிட்டுச் சூடாக வைத்திருக்கிறோம். பயப்பட வேண்டாம்."

அழைப்பு முடிந்தது. அந்தச் சொல் தன் வாயிலிருந்து எப்படி வந்தது என்று கலாவதி பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள். அவள் யோசித்துச் சொல்லவில்லை. பல வருடங்களாக அந்தக் கேள்விக்கு அந்த ஒரு பதிலையே சொல்லிப் பழகிய நாக்கு, மனம் வந்து சேருமுன் சொல்லி முடித்துவிட்டது.

"என்னவாம்?" என்றாள் மங்கலம்.

"ஒண்டுமில்லை. மகள் சைக்கிளால சறுக்கி விழுந்திட்டாவாம்."

"சைக்கிளோ? வேலைக்கெல்லோ போனவ எண்டனீங்கள்?"

"ஓம்… வேலை முடிஞ்சு சும்மா ஓடினவவாக்கும். இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்."

கனகலிங்கம் மனைவியைப் பார்த்தார். பிறகு தன் கைகளைப் பார்த்தார்.

சமையலறையில் கலாவதி கேத்திலை அடுப்பில் வைத்தாள். பாலை எடுக்கக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தாள். கதவின் மேல்தட்டு வெறுமையாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கையைப் பிடித்தால் தட்டிவிடுகிறார் என்று அந்த மனிதர் சொன்னது இப்போதுதான் காதுக்குள் சரியாகக் கேட்டது. சீனி இறங்கும்போது ஹம்சினி சின்ன வயதிலிருந்தே அப்படித்தான் செய்வாள். வாயருகே கொண்டுபோகும் பழரசத்தைக் கூடத் தட்டிவிடுவாள்; பேச்சுக் குழறும்; யாரென்று தெரியாத கண்ணால் பார்ப்பாள். உலகத்தில் அந்த அடையாளத்தை நன்றாகத் தெரிந்த ஆள் கலாவதி. அதை அவளிடமே ஒருவர் சொன்னார். அவள் இல்லை என்று சொல்லிவிட்டாள். ஆரும் கேட்டால் நான் சொல்லுவன் என்று மகளுக்குச் சொன்னவளும் அவள்தான்.

சமையலறைக்குள் நின்றே மகளின் இலக்கத்தை அழுத்தினாள். சிக்னல் இல்லை. பின்கதவைத் திறந்து பார்த்தாள். அங்கும் இல்லை. பாலை மேசையில் வைத்துவிட்டு முன்னறைக்கு வந்தாள். மங்கலத்தின் முழங்காலைத் தாண்டித்தான் யன்னலடிக்குப் போக வேண்டும். மங்கலம் காலை ஒதுக்கி வழிவிட்டாள். முதல்முறை மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி அழைத்தாள். அந்த மனிதர் எடுத்தார்.

"நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்" என்றாள் கலாவதி. அவளுடைய குரல் அந்த அறைக்குத் தேவையானதைவிட உரத்து வந்தது. "அவளுக்கு நீரிழிவு. முதலாம் வகை. இன்சுலின் எடுக்கிறவள். இது குளிர் இல்லை, சீனி இறங்கிவிட்டது. இப்போது விழித்திருக்கிறாளா?"

"இல்லை. கொஞ்சம் முன்புதான் கண்ணை மூடினார். மனைவி தேநீர் கொடுக்கப் பார்க்கிறார்."

"வேண்டாம்! மயக்கத்தில் வாயில் ஒன்றும் ஊற்ற வேண்டாம், புரைக்கேறும். சைக்கிளின் முன்பையைத் திறவுங்கள். செம்மஞ்சள் நிறத்தில் சின்னப் பெட்டி இருக்கும். அதற்குள் சீனியை ஏற்றும் ஊசி இருக்கிறது, அது இன்சுலின் இல்லை."

அவர் வானுக்கு வெளியே ஓடுவதும், சிப் இழுபடும் சத்தமும், காற்றும் கேட்டன. அவருடைய மனைவியின் தொலைபேசியில் அம்புலன்ஸ்காரர்கள் இருந்தார்கள். கலாவதி ஒரு பக்கமும் அவர்கள் ஒரு பக்கமுமாகச் சொல்லச் சொல்ல, அந்த மனிதர் மருந்தைக் கரைத்தார். முன்பொருகாலம் மருத்துவமனைத் தாதி ஒருத்தி கலாவதிக்குத் தோடம்பழத்தில் குத்திப் பழக்கிய ஊசி அது. "தொடையில் போடுங்கள். உடுப்புக்கு மேலாலும் போடலாம். போட்டவுடன் ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வையுங்கள்." போட்டுவிட்டேன் என்று அவர் சொன்ன குரலோடு தொடர்பு அறுந்தது. குளிரில் மகளின் தொலைபேசி செத்துவிட்டிருந்தது.

கலாவதி யன்னலைப் பிடித்தபடி நின்றாள். பத்மநாதன் கையில் இருந்த தட்டை வைப்பதற்கு இடம் தேடினார். மங்கலம் எழுந்து போய்ச் சமையலறையில் கொதித்துக்கொண்டிருந்த கேத்திலை நிறுத்திவிட்டு வந்து, ஒரு கதிரையை இழுத்துக் கலாவதிக்குப் பின்னால் வைத்தாள்.

"இருங்கோ. நிண்டு என்ன செய்யிறது."

அவர்கள் போகவில்லை. தெரியாத இலக்கமொன்றிலிருந்து அழைப்பு வரும் வரை இருந்தார்கள். இந்த முறை பேசியது அம்புலன்ஸ் பெண். ஹம்சினி கண் விழித்துவிட்டாள், தன் பெயரைச் சொல்கிறாள், மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம் என்றாள். ஊசி போட்டிராவிட்டால் தாங்கள் வந்து சேரும்போது நிலைமை வேறாக இருந்திருக்கும் என்றும் சொன்னாள். கலாவதி அதற்குப் பிறகுதான் அழுதாள். மங்கலம் அவள் தோளில் ஒருமுறை கையை வைத்துவிட்டுக் கணவருடன் புறப்பட்டாள். சம்பந்தத்தைப் பற்றி யாரும் வாயெடுக்கவில்லை.

மறுநாள் காலை விமானத்தில் கனகலிங்கமும் கலாவதியும் போய்ச் சேர்ந்தபோது ஹம்சினி கட்டிலில் எழுந்திருந்து பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். உதடுகள் வெடித்திருந்தன. கன்னத்தில் கல் கீறிய காயம்.

"அம்மா, என்னை ரோட்டில கண்ட அங்கிள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணினவராம். நீங்கள்தான் சொன்னீங்களாம், ஊசி எங்கை இருக்கு எண்டு."

தாய் அவளருகே உட்கார்ந்தாள். அதோடு விட்டிருக்கலாம். மகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"ரெண்டாவது தரம்தான் சொன்னனான்" என்றாள் கலாவதி. "முதல் தரம் அவர் கேக்கேக்க, உனக்கு ஒரு வருத்தமும் இல்லையெண்டு சொல்லிப்போட்டன். ஆக்கள் இருந்தவை."

ஹம்சினி பாணைக் கீழே வைத்தாள். கனகலிங்கம், "நானும் அங்கதான் இருந்தனான். நானும் வாயைத் திறக்கேல்ல" என்றார்.

மகள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபப்படுவாள் என்று கலாவதி காத்திருந்தாள். ஹம்சினி கோபப்படவில்லை, அவள் குரல் களைத்திருந்தது.

"நான் ஏன் தனியா ரைடு போறனான் தெரியுமோ அம்மா? எல்லாரும் கேப்பினம், பயமில்லையோ, குளிரேல்லையோ எண்டு. அங்க ரோட்டுக்கரையில சைக்கிளைச் சாத்திப்போட்டு, சட்டையைத் தூக்கி, வெட்ட வெளியில ஊசி போடுவன். செம்மறி ஆடுதான் பாக்கும். ஆருக்கும் ஒளிக்கத் தேவையில்லை. எனக்கு அதுதான் ஹொலிடே."

கலாவதி போர்வையில் விழுந்திருந்த பாண் துணுக்குகளைக் கூட்டி எடுத்தாள்.

"இனிப் போகாதை எண்டு சொல்லப்போறீங்களோ?"

"இல்லை" என்றாள் தாய். "போ. ஆனா வளையத்தைப் போட்டுக்கொண்டு போ. போனிலயும் எழுது. சந்திக்கிற ஆக்களுக்கும் சொல்லு."

சில நாள் கழித்து மங்கலம் தொலைபேசியில் அழைத்தாள். முதலில் பிள்ளையின் சுகத்தை விசாரித்தாள். பிறகு நேராகவே சொன்னாள்.

"உங்கட மகளில நான் ஒரு குறையும் சொல்லமாட்டன். ஆனா நீங்கள் எங்களுக்கு ஒளிச்சனீங்கள். முதல் தரம் கேக்கேக்க பிள்ளையின்ரை உயிருக்காகக்கூட நீங்கள் சொல்லேல்ல. அதை நினைக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கு. இதை இதோட விடுவம்."

"முதலே சொல்லியிருந்தால் வந்திருப்பீங்களோ?" என்று கேட்டாள் கலாவதி.

"தெரியேல்ல" என்றாள் மங்கலம். "வந்திருக்கமாட்டம் போலதான் கிடக்கு. அதுவும் பிழைதான், என்ன?"

அந்தச் சம்பந்தம் அப்படி முடிந்தது. ஹம்சினி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விட்டுப்போன பாதையை வரும் செப்டெம்பரில் முடிக்கப் போவதாகச் சொல்லி, சைக்கிளைக் கழுவி எண்ணெய் போட்டாள்.

கோடையில் மோர்டனிலேயே ஒரு மண்டபத்தில் உறவினர் வீட்டுக் கலியாணம் நடந்தது. சாப்பாட்டு மேசையில் கலாவதிக்குப் பக்கத்தில் துசியந்தி வந்து உட்கார்ந்தாள். கலாவதியைவிட வயதில் இளையவள். ஒரே வீதியில் குடியிருப்பவள். கொஞ்ச நேரம் சேலையைப் பற்றிக் கதைத்துவிட்டு, காதருகே குனிந்தாள்.

"கலா அக்கா, கேக்கிறனெண்டு குறை நினைக்காதேங்கோ. ஹம்சினிக்கு ஏதோ வருத்தமெண்டு சனம் கதைக்குது. உண்மையே?"

"ஓம்" என்றாள் கலாவதி. அவள் குனியவில்லை, குரலைத் தாழ்த்தவும் இல்லை. "டயபட்டீஸ். பதினொரு வயதில இருந்து இருக்கு. ஊசி போடுறவள். அதோடதான் மலையெல்லாம் சைக்கிளில ஏறுறவள்."

எதிரே இருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். துசியந்தி பதறிப்போனாள்.

"ஐயோ அக்கா, மெதுவாக் கதையுங்கோ!"

"இவ்வளவு காலமும் மெதுவாத்தான் கதைச்சனான். அதாலதான் என்ரை பிள்ளை சாகக் கிடந்தவள்."

துசியந்தி கையிலிருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு கண்களைத் தூக்காமல், கலாவதிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"என்ரை மூத்தவளுக்கு வலிப்பு, அக்கா. போன வருசம் தொடங்கினது. பள்ளிக்கூடத்துக்குச் சொல்லேல்ல. அவளின்ரை சிநேகிதப் பிள்ளையளுக்கும் சொல்லாதை எண்டு சொல்லி வச்சிருக்கிறன். பிறகு கலியாணம் காட்சி எண்டு வரேக்க…"

கலாவதி அவளுடைய கையைப் பிடித்தாள்.

"திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சொல்லு. நானும் வாறன். வருத்தம் வந்தது பிள்ளையின்ரை குற்றமுமில்லை, உன்ரை குற்றமுமில்லை. அதை ஒளிக்கச் சொல்லிப் பிள்ளைக்குப் பழக்கினால், அதுதான் எங்கட குற்றம். அவள் விழுந்து கிடக்கேக்க பக்கத்தில நிக்கிறவைக்கு என்ன செய்யிறதெண்டு தெரியவேணும், துசியந்தி. பிள்ளை போனாப் பிறகு மரியாதையைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு என்ன செய்யப்போறம்?"